ரேடாருக்குக் கீழே பெய்த மழை

செய்தி வந்தபோது நான் சிதம்பரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எதிரே இருந்தவர் முகமே கலங்கலாகத் தெரிந்தது. சட்டைப் பையில் செல்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண்ணிடம் கொடுத்து, படித்துச் சொல்லும்மா என்றேன். அவள் மனதுக்குள் ஒருமுறை படித்துவிட்டுத் தயங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அமலோற்பவம் மேடம் இன்னிக்கிக் காலையில இறந்துட்டாங்களாம் சார். நாளைக்குக் கடலூர்ல அடக்கம்னு போட்டிருக்கு."

உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டாள். இல்லை, ஒரு கமிட்டியில் கூட இருந்தவர் என்றேன். சொன்ன பிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை. ஆனால் வேறு எப்படிச் சொல்வது? எங்கள் குழுவில் இருந்தவர்களுக்கு நான் எழுதுவதில் பாதி முன்பே தெரியும். அவரை ஊரில் பக்கத்து வீட்டுக்காரராகவும் மாதா கோயிலில் பாடல் குழுவில் பாடுகிறவராகவும் மட்டும் அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அமலோற்பவம் மேடம் நெல்லிக்குப்பத்தில் பிறந்தவர். அப்பா சர்க்கரை ஆலையில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்தார். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். இயற்பியல் படித்து, வானிலைத் துறையில் சேர்ந்து, பணிக்காலம் முழுவதையும் வெளி மாநிலங்களில் ரேடார் கோபுரங்களின் அடியிலேயே கழித்தார். ஓய்வு பெற்றதும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த கொஞ்ச நாளில் அரசு ஒரு குழுவை அமைத்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பகுதிக்கு எந்த வகை வானிலை ரேடார் ஏற்றது என்று பல துறைகளும் கூடி ஆராய்ந்து ஆலோசனை சொல்ல வேண்டும். அதற்கு அவரைத் தலைவராகப் போட்டார்கள். நீர்வளத் துறையின் சார்பில் நான். மீன்வளம், வேளாண்மை, மின்சாரம், தொலைத்தொடர்பு, வருவாய் என்று துறைக்கு ஒருவர். எதையும் வாங்கவோ நிறுவவோ எங்களுக்கு அதிகாரம் இல்லை. எது தேவை, ஏன் தேவை என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை.

முதல் கூட்டம் கடலூரில் நடந்தது. அதற்குள் ரேடார் விற்கும் நிறுவனத்துக்காரர்கள் எல்லாத் துறைகளுக்கும் வந்து போயிருந்தார்கள். ஆளுக்கொரு வண்ணப் புத்தகம் கையில் இருந்தது. ஆளுக்கொரு ரேடாரின் பெயரைச் சொல்லி அதுதான் வேண்டும் என்றோம். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரேடார் பேரை யாரும் சொல்லாதீங்க. மழை வருதுன்னு தெரிஞ்சா நீங்க இன்னா பண்ணுவீங்க? அதுக்கு எவ்ளோ முன்னாடி தெரியணும்? அத மட்டும் சொல்லுங்க."

அந்தக் கேள்வியை எங்களை யாரும் அதுவரை கேட்டதில்லை. மீன்வளத் துறைக்காரர் யோசித்து, கடலுக்குள் போன படகு கரைக்குத் திரும்புகிற அளவுக்காவது நேரம் வேண்டும் என்றார். மின்வாரியக்காரர், ஆளைக் கம்பத்திலிருந்து இறக்குகிற நேரம் இருந்தால் போதும் என்றார். என் முறை வந்தது. மேற்கே அணைகளிலிருந்து வரும் தண்ணீர் எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், ஆனால் இங்கேயே வயலின் மீது பெய்கிற மழை பெய்த பிறகுதான் தெரியும் என்றேன். பெய்து முடித்தபின் தெரிந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். செய்ய ஒன்றும் இருக்காது என்றேன். அதையும் அப்படியே குறிப்பில் எழுதச் சொன்னார்.

பெரிய ரேடார் ஏற்கெனவே தொலைவில் இருக்கிறதே, அதற்கே நம் பகுதி எட்டுமே, இன்னொன்று எதற்கு என்ற கேள்வி ஆரம்பத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் இடம் பார்க்கப் புவனகிரிக்குப் போயிருந்தோம். டீக்கடைக்குப் பக்கத்தில் காய்கறி விற்கிறவர் பறங்கிக்காய்களைக் குவித்து வைத்திருந்தார். மேடம் அதில் பெரியதாக ஒன்றை வாங்கி டீக்கடை பெஞ்சின் மேல் வைத்தார். வேளாண்மைத் துறைக்காரரின் பேனாவை வாங்கிக் காயின் முதுகில் படுக்க வைத்தார். பேனாவின் ஒரு முனை காயைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுமுனை அந்தரத்தில் நின்றது. தொட்ட இடம்தான் ரேடார், பேனாதான் அது அனுப்பும் அலை, காய்தான் பூமி என்று விளக்கினார். பூமி வளைந்து கீழே போய்விடுகிறது, அலை ஏறக்குறைய நேராகவே போகிறது. நம் ஊருக்கு வரும்போது அது நம் தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டரையும் தாண்டிய உயரத்தில் போகிறது. அதற்குக் கீழே தாழ்ந்து வரும் மேகம் எவ்வளவு கொட்டினாலும் அதன் கண்ணில் முழுசாகப் படாது.

நான் பொறியியல் படித்தவன். பூமி உருண்டை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பெஞ்சில் இருந்த அந்தக் காயைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது. இத்தனை வருஷமாக நாங்கள் நனைந்த மழையில் ஒரு பகுதி யார் கண்ணிலும் படாமல் பெய்திருக்கிறது.

"என் வேலை பூரா பெரிய ரேடார்தான் சார்," என்றார் மேடம், காயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே. "இப்ப நானே அதுக்குக் கண்ணு தெரியலன்னு சொல்ல வேண்டியதாப் போச்சி."

அதற்குப் பிறகுதான் சிறிய ரேடார் பற்றிய பேச்சு வந்தது. குறைந்த தூரம்தான் பார்க்கும். ஆனால் தாழப் பார்க்கும். ஓர் ஆராய்ச்சி நிலையத்திடம் கேட்டு, வண்டியில் பொருத்திய ஒரு சிறிய ரேடாரைப் பருவமழைக் காலத்துக்கு மட்டும் இரவல் வாங்கினோம். புவனகிரிக்கு வெளியே ஒரு பள்ளி மைதானத்தில் அதை நிறுத்தினார்கள். முதல் நாளே திரையில் சிதம்பரம் இருக்கும் திசையில் ஒரு நீளமான கோடு தெரிந்தது. மேகமே இல்லாத நாளிலும் அது அழியவில்லை. இயந்திரக் கோளாறு என்றோம். தொலைத்தொடர்புத் துறைக்காரர் ஒரு கருவியுடன் தெருத்தெருவாகத் தேடி, ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் இருந்த வயர்லெஸ் கருவிதான் காரணம் என்று கண்டுபிடித்தார். நோட்டீஸ் அனுப்பலாம் என்றார் அவர். மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு நேரே லாட்ஜுக்குப் போனார்.

லாட்ஜ் முதலாளி முதலில் கொஞ்சம் முறைப்பாகத்தான் பேசினார். இன்டர்நெட் வேலை செய்யாவிட்டால் ரூம் எடுக்க ஆள் வராது என்றார். மேடம் அவரைப் பள்ளி மைதானத்துக்கே வரவழைத்து வண்டிக்குள் ஏற்றி, திரையில் அந்தக் கோட்டைக் காட்டினார். இது உங்கள் மாடி, இதற்குப் பின்னால் மழை இருந்தால் எங்களுக்குத் தெரியாது, உங்கள் கருவியை வேறு அலைவரிசைக்கு மாற்றினாலே போதும் என்றார். அவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு செல்பேசியில் யாரிடமோ பேசினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு மறைந்தது.

"எம்மாடியிலேர்ந்து போற ஒண்ணு இங்க தெரியுதா மேடம்," என்றார் அவர். குரல் தழைந்திருந்தது.

அன்று மாலை உண்மையான மழை வந்தது. அதை அந்த வண்டிக்குள் இருந்து பார்த்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். மேடம் ஒரு பொத்தானை அழுத்தியதும் மேகத்தை நெடுக்காக வெட்டியது போன்ற படம் வந்தது. மேலே உறைந்த பனி, அதன் கீழே அது உருகும் இடம், அதன் கீழே துளிகள். பெரிய துளி எது, சிறிய துளி எது என்றுகூடத் தெரிந்தது. எப்படி என்று கேட்டேன். அலையைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் அனுப்புகிறோம், திரும்பி வருவதில் உள்ள வித்தியாசம் துளியின் உருவத்தைச் சொல்லிவிடும் என்றார். படம் வரைகிறவர்கள் மழைத்துளியைக் கண்ணீர் மாதிரிக் கூராக வரைகிறார்கள், அது தப்பு என்று சிரித்தார்.

"பெரிய துளி விழறப்ப காத்து அடியில தாங்கும் சார். தட்டையாயிடும். சொல்லப்போனா இட்லி மாதிரி இருக்கும்."

வண்டியின் தகரக் கூரை மேல் அந்த இட்லிகள் விழுந்து கொண்டிருந்தன. நான் மேலே நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த அந்த அம்மாளையும் பார்த்தேன். ஊர் அறியாத ஏதோ ஒரு பெரிய விஷயத்தின் பக்கத்தில் சாதாரணமாக உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

இனி நான் சொல்லப்போவது அந்தப் பருவத்தில் நடந்தது. ஒருநாள் நண்பகலில் மேடம் என்னை அழைத்தார். கொள்ளிடத்துக்கு வடக்கே குமராட்சிப் பக்கம் தாழ்வான மேகங்கள் நகராமல் நிற்கின்றன, பெரிய ரேடாரில் லேசாகத்தான் தெரிகிறது, சிறியதில் பலத்த மழைக்கான சிவப்பாக இருக்கிறது என்றார். வாய்க்கால்கள் அப்போது நிரம்பித்தான் ஓடின. அதே அளவு மழை மாலை வரை பெய்தால் கரையோரக் குடியிருப்பில் தண்ணீர் ஏறிவிடும் என்று எனக்குத் தெரியும்.

"இது ட்ரையல் மெஷினு. இத வச்சி எச்சரிக்கை குடுக்க நமக்கு அதிகாரமில்ல சார்," என்றார். பிறகு, "ஆனா தெரிஞ்சிக்கினு சும்மா இருக்க என்னால முடியாது," என்றார்.

எனக்கும் முடியவில்லை. இருவரும் சேர்ந்து வட்டாட்சியரிடம் பேசினோம். அவர் நல்ல மனிதர். தன் பொறுப்பில் அந்தக் குடியிருப்பில் இருந்தவர்களை வேனில் ஏற்றி அரசுப் பள்ளியில் கொண்டுபோய் வைத்தார். வேலைக்குப் போயிருந்தவர்களையும் வயலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டார்கள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. மேகம் கலைந்து வெயில் அடித்தது. வாய்க்காலில் தண்ணீர் ஒரு விரற்கடை கூட ஏறவில்லை.

என்ன நடந்தது என்பதை மேடம் அடுத்த நாளே கண்டுபிடித்துவிட்டார். சிறிய ரேடாருக்கு ஒரு குறை உண்டு. பலத்த மழை குறுக்கே வந்தால் அதன் அலை அங்கேயே வலுவிழந்துவிடும். அந்த மழைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அன்று முன்னால் ஒரு கனத்த மழை நின்றது. பின்னாலும் அதேபோல இருக்கும் என்று மேடம் கணித்தார். பின்னால் இருந்தது வெறும் வானம்.

குழுவில் பலருக்கும் வருத்தம். ஆனால் யாருக்கும் பெரிய கலக்கம் இல்லை. தண்ணீர் வரவில்லை என்றால் நல்லதுதானே என்று பேசிக்கொண்டோம். மேடம் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. குமராட்சிக்குப் போக வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். சொல்லிவிட்டு வர என்றார்.

குடியிருப்பின் நடுவில் இருந்த வேப்ப மரத்தடியில் ஆட்கள் கூடினார்கள். அதிகாரிகள் வந்திருப்பதால் நிவாரணம் ஏதோ கொடுக்கப் போகிறார்கள் என்று முதலில் நினைத்தார்கள். மேடம் நின்றுகொண்டே பேசினார். அன்றைக்கு உங்களைக் கிளப்பியது என் பேச்சை நம்பித்தான், நான் பார்த்தது பாதிதான், மீதியை நானாக நினைத்துக்கொண்டேன் என்றார்.

"தப்பு எம்மேலதான். தாசில்தார் மேல இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

ஓர் அதிகாரி வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் என் பணிக்காலத்தில் கேட்டதில்லை. பிறகு செல்வி என்ற பெண் முன்னால் வந்தாள். நடவு வேலைக்குப் போகிறவள். அன்று அவளுடைய ஆடு சினையாக இருந்ததாம். வேனில் ஏற்ற முடியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அது அன்றைக்கே குட்டி போட்டு, பார்க்க ஆளில்லாமல் குட்டி செத்துப்போயிருக்கிறது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

மேடம் ஆட்டைப் பார்க்க வேண்டும் என்றார். கொட்டகைக்குள் குனிந்து போய் அதன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். செல்வி வாசலிலேயே நின்றாள்.

"நாளைக்கி இதே மாதிரி சொன்னீங்கன்னா, நாங்க போவணுமா வாணாமாம்மா?"

அதுவரை எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ கேள்விகளுக்கு மேடம் உடனுக்குடன் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்று ஆட்டின் முதுகிலிருந்து கையை எடுத்து, செல்வி பக்கம் முழுசாகத் திரும்பிய பிறகுதான் சொன்னார்.

"போவணும்மா. எனக்கு எவ்ளோ தெரியுது, எவ்ளோ தெரியலன்னு அப்பவே சேத்துச் சொல்றேன். ஆட்டையும் ஏத்திக்கினு போற மாதிரி வண்டி கேக்கறேன்."

செல்வி தலையாட்டினாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அறிக்கை எழுதும்போது பெரிய சண்டை வந்தது. பெரிய ரேடார் இருக்கட்டும், தாழப் பார்க்கச் சிறிய ரேடார்களும் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம். ஆனால் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே குமராட்சியில் நடந்ததை எழுத வேண்டும் என்றார் மேடம். அப்படி எழுதினால் கோப்பைத் தலைநகரில் ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றோம். நானும் அப்படித்தான் வாதாடினேன். வேண்டுமானால் பின்னிணைப்பில் போடலாம் என்று சமரசம் பேசினோம். மேடம் குரலை உயர்த்தவில்லை. ஒரு ரேடார் மழைக்கு அந்தப் பக்கம் பார்க்காது, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று பார்த்தால்தான் இரண்டும் ஒன்றின் குறையை ஒன்று தீர்க்கும், அதனால்தான் ஜோடியாகக் கேட்கிறோம், அந்த நாளை மறைத்துவிட்டால் ஏன் ஜோடியாகக் கேட்கிறோம் என்பதற்கு என்ன காரணம் சொல்வீர்கள் என்றார்.

"நாம ஆலோசனை சொல்ற குழு சார். விக்கறவங்க இல்ல."

ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டோம். ஆட்களை வெளியேற்றும் வண்டியில் கால்நடைக்கும் இடம் வேண்டும் என்ற ஒரு வரியும் அந்த அறிக்கையில் இருந்தது. ரேடார் பற்றிய அறிக்கையில் ஆடு எங்கே வந்தது என்று பிற்பாடு ஓர் உயர் அதிகாரி என்னிடம் கேட்டார்.

நாங்கள் பயந்தது போலவே கோப்பு திரும்பி வந்தது. விளக்கம் கேட்டார்கள். கொடுத்தோம். மறுபடியும் திரும்பியது. முதல் பக்கம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்று எங்களில் சிலர் முணுமுணுத்தது மேடத்தின் காதுக்கும் போயிருக்கும். அவர் ஒவ்வொரு முறையும் அதே பொறுமையோடு பதில் எழுதினார். இதற்கிடையே அவருக்கு உடம்பு படுத்தத் தொடங்கியது. கடைசியில் நாங்கள் கேட்ட அளவுக்கு ரேடார்கள் கிடைக்கவில்லை. ஒரு ஜோடிக்கு மட்டும் ஒப்புதல் வந்தது. வெள்ளாற்றுப் பக்கம் ஒன்று, கொள்ளிடத்துப் பக்கம் ஒன்று. கோபுரங்கள் எழுந்தபோது அவரால் பயணம் செய்ய முடியவில்லை. திறப்பு விழா மேடையில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. நான் ஆத்திரத்தோடு போய்ச் சொன்னபோது, படம் தெளிவாக வருகிறதா என்றுதான் கேட்டார்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது போன பருவமழையின் போது. மஞ்சக்குப்பத்து வீட்டில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருந்தார்கள். மிகவும் மெலிந்திருந்தார். அதிகம் பேசவில்லை. என் செல்பேசியில் புதிய ரேடார்களின் படத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேத்தியின் பள்ளி ஆண்டுவிழாப் படத்தைப் பார்க்கிறவரைப் போலப் பார்த்தார். கடலிலிருந்து ஒரு சிறிய பச்சைத் திட்டு கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் மேல் விரலை வைத்தார். வெளியே தெருவில் நல்ல வெயில்.

"ஜெனி, மாடியில துணி கெடக்குதா?" என்று மருமகளைக் கேட்டார்.

ஜெனி ஒன்றும் கேட்காமல் மாடிக்கு ஓடினாள். நானும் மேடமும் காத்திருந்தோம். வெயில் மங்கியது. தெருவில் காற்று குப்பையைச் சுருட்டிக்கொண்டு போனது. பிறகு முதல் துளிகள் ஜன்னல் தகரத்தில் விழுந்தன. தன்னைத் தூக்கி உட்காரவைக்கச் சொன்னார். நானும் ஜெனியும் பிடித்துக்கொண்டோம். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை வெளியே நீட்டினார். உள்ளங்கையில் மழை விழுந்தது. அதை உள்ளே எடுத்து எங்களிடம் காட்டினார்.

"மழைதான் சார்," என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

வாழ்நாள் முழுவதும் மழையை அளந்தவர். அது எங்கே உறைகிறது, எங்கே உருகுகிறது, துளி என்ன உருவத்தில் விழுகிறது என்று அறிந்தவர். திரையில் பார்த்துவிட்டார், துணியை எடுக்கச் சொல்லிவிட்டார், மழையும் வந்துவிட்டது. ஆனாலும் அது வந்தபோது, முதல்முறை பார்க்கிறவரைப் போலக் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். அவர் எழுதிய அறிக்கை அரசிடம் இருக்கிறது. கோபுரங்கள் ஊருக்குச் சொந்தம். நனைந்த அந்தக் கையை நான் வைத்துக்கொள்கிறேன்.